சிச்சென் இட்சா - டூர் பஸ் நிற்காத இடங்கள்

மெக்சிகோவின் கான்கூன் கடற்கரையில் தங்குகிற சுற்றுலாப் பயணிகள் எல்லோர் கையிலும் ஒரு நோட்டீஸ் வந்து விழும். "சிச்சென் இட்சா - ஒரு நாள் பயணம்! ஏசி பஸ், கைடு, மதிய சாப்பாடு, கிணற்றுக் குளியல் எல்லாம் சேர்த்து!" காலையில் ஏழு மணிவாக்கில் ஹோட்டல் வாசலில் ஏற்றிக்கொண்டு, 200 கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாயன் இடிபாடுகளைக் காட்டிவிட்டு, ராத்திரி சாப்பாட்டுக்குத் திரும்பக் கொண்டுவந்து விட்டுவிடுவார்கள். கொரோனாவுக்கு முந்தைய வருஷங்களில் சிச்சென் இட்சாவுக்கு வந்தவர்கள் வருஷத்துக்கு 20 லட்சத்துக்கும் மேல். அதில் ஏகப்பட்ட பேர் இப்படி பஸ்ஸில் வந்து இரண்டு, இரண்டரை மணி நேரம் சுற்றிவிட்டுப் போனவர்கள்தான்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் அந்த பஸ்ஸில் ஏறியதில்லை. பாஸ்போர்ட்டே இனிமேல்தான் எடுக்க வேண்டும் :-) ஆனால் போய் வந்தவர்கள் எழுதியதை எல்லாம் வரிசையாகப் படித்தால் ஒன்று புரிகிறது. எல்லோருமே கிட்டத்தட்ட ஒரே கதையைத்தான் கேட்டுவிட்டு வருகிறார்கள். பிரமிடு, பாம்பு நிழல், தலை வெட்டும் பந்தாட்டம், கன்னிப் பெண்களைத் தள்ளிய கிணறு, கடைசியில் "இவ்வளவு பெரிய நாகரிகம் மர்மமான முறையில் மறைந்து போனது". அப்புறம் பஃபே சாப்பாடு.

இந்தக் கதையில் எது சரி, எது மிகை, எது சுத்தப் பொய் என்று பார்ப்போம்.

பிரமிடு

முதலில் காட்டுவது குகுல்கான் கோயில். ஸ்பானியர்கள் வைத்த பெயர் எல் காஸ்டில்லோ, அதாவது கோட்டை. மேலே உள்ள சன்னதியையும் சேர்த்து சுமார் 30 மீட்டர் உயரம், அடியில் ஒவ்வொரு பக்கமும் சுமார் 55 மீட்டர். நாலு பக்கமும் படிக்கட்டு, ஒவ்வொன்றிலும் 91 படி. நாலையும் கூட்டினால் 364, மேல்தளத்தையும் ஒரு படியாகச் சேர்த்தால் 365. வருஷத்தின் நாட்கள்! இதைக் கேட்டதும் கூட்டம் கை தட்டும். கை தட்டினால் படிக்கட்டிலிருந்து பறவை கீச்சிடுகிற மாதிரி எதிரொலி வரும். கைடு அதை குவெட்சால் பறவையின் குரல் என்பார். எதிரொலி உண்மைதான். ஆனால் அதற்காகவே திட்டமிட்டுக் கட்டினார்களா என்று யாராலும் நிரூபிக்க முடியவில்லை.

மார்ச்சிலும் செப்டம்பரிலும் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாட்களில், வடக்குப் படிக்கட்டின் கைப்பிடிச் சுவரில் முக்கோண முக்கோணமாக வெளிச்சம் விழுந்து, பாம்பு இறங்கி வருகிற மாதிரி தெரியும். கீழே கல்லில் செதுக்கிய பாம்புத் தலை வேறு இருக்கிறது. அந்த ஒரு நாள் மட்டும்தான் தெரியும் என்பார்கள். அதற்கு முன்னும் பின்னும் பல நாட்களுக்கு இதே மாதிரி தெரியும் என்பதைச் சொல்ல மாட்டார்கள். சொன்னால் அந்த ஒரு நாள் டிக்கெட்டுக்கு மவுசு போய்விடுமே!

கைடு சொல்லாத இன்னொரு சுவாரசியம், இந்தப் பிரமிடு ஒன்றல்ல. 1930-களில் தோண்டியபோது உள்ளே இன்னொரு சின்னப் பிரமிடு இருந்தது. அதற்குள் சிவப்பு வண்ணம் பூசி, பச்சைக் கற்கள் பதித்த ஜாகுவார் சிம்மாசனம். 2016-ல் மெக்சிகோ விஞ்ஞானிகள் மின்சார அளவீட்டு முறையில் ஆராய்ந்து, அதற்கும் உள்ளே மூன்றாவது ஒன்று இருப்பதாக அறிவித்தார்கள். பழையதை இடிக்காமல் அதன் மேலேயே புதியதைக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள்.

பந்தும் கிணறும்

அடுத்தது பந்தாட்ட மைதானம். 168 மீட்டர் நீளம், 70 மீட்டர் அகலம். இருபக்கச் சுவர்களில் ஆறு மீட்டர் உயரத்தில் கல் வளையம். கெட்டியான ரப்பர் பந்தைக் கையால் தொடாமல் இடுப்பால் அடித்து ஆடியது. சுவர்ச் சிற்பத்தில் தலை வெட்டப்பட்ட ஒரு ஆட்டக்காரரின் கழுத்திலிருந்து ரத்தம் பாம்புகளாகப் பீறிடுகிறது. தலை போனது ஜெயித்தவருக்கா தோற்றவருக்கா? ஒரு கைடு ஜெயித்தவர் என்பார், பக்கத்துக் குழுவின் கைடு தோற்றவர் என்பார். சிற்பம் அதைப் பற்றி எதுவுமே சொல்லவில்லை.

பிறகு புனிதக் கிணறு. யுகட்டான் தீபகற்பத்தின் வடபகுதி முழுக்கச் சுண்ணாம்புப் பாறை, நிலத்துக்கு மேலே ஆறே கிடையாது. மழைத் தண்ணீர் எல்லாம் கீழே இறங்கி ஓடுகிறது. பாறை உள்வாங்கிய இடங்களில் தண்ணீர் தெரியும், அதற்குப் பெயர் செனோட்டே. ஊர்ப் பெயரே அதுதான். 'சி' என்றால் வாய், 'சென்' என்றால் கிணறு, இட்சா என்பது மக்கள். இட்சா மக்களின் கிணற்று வாய்.

இங்கே கன்னிப் பெண்களைத் தள்ளினார்கள் என்ற கதை உலகப் பிரசித்தம். கிணற்றில் கிடைத்த எலும்புகளில் ஆண்களும் இருக்கிறார்கள், பெண்களும் இருக்கிறார்கள், நிறையக் குழந்தைகளும் இருக்கிறார்கள். நரபலி நடந்தது உண்மை, மறைப்பதற்கில்லை. ஆனால் கன்னிப் பெண் கதை பின்னால் வந்தவர்களின் கற்பனை.

இதில் 2024-ல் ஒரு புது விஷயம் வந்தது. புனிதக் கிணற்றுக்குப் பக்கத்தில், விமான ஓடுதளம் போடும்போது 1967-ல் ஒரு நிலத்தடித் தொட்டி கண்டுபிடிக்கப்பட்டது. நிறையக் குழந்தைகளின் எலும்புகள். அதில் 64 பேரின் மரபணுவைச் சோதித்தார்கள். 64 பேரும் பையன்கள்! பலர் ஒருவருக்கொருவர் சொந்தம், இரண்டு ஜோடி ஒரே கருவில் உருவான இரட்டையர். மாயன்களின் புராணமான போபோல் வூ-வில் இரட்டையர்கள்தான் பாதாள உலகத்துக்குப் போய்ப் பந்தாடுகிறார்கள். அதோடு இதைச் சேர்த்துப் பார்க்கிறார்கள் ஆய்வாளர்கள்.

அதே ஆய்வின் இரண்டாவது பாதிதான் எனக்கு முக்கியமாகப் பட்டது. ஆனால் அதற்கு முன்னால் ஒரு வேலை இருக்கிறது.

கல்லாப் பெட்டி

நான் படிப்பது காமர்ஸ். எந்த ராஜா எந்த வருஷம் என்பதை விட, இதற்கெல்லாம் காசு எங்கிருந்து வந்தது என்றுதான் முதலில் தோன்றும்.

ஆறு இல்லை, தங்கச் சுரங்கம் இல்லை, மண்ணும் ஆழம் குறைவு. அப்படிப்பட்ட இடத்தில் இவ்வளவு பெரிய நகரம் எப்படி? வடக்குக் கடற்கரை முழுக்க உப்பளம். வெயில் அடிக்கிற நாட்டில் உப்பு என்பது கையில் இருக்கும் ரொக்கம். இஸ்லா செரிட்டோஸ் என்ற குட்டித் தீவில் சிச்சென் இட்சாவின் துறைமுகம் இருந்தது. மத்திய மெக்சிகோவிலிருந்து வந்த எரிமலைக் கண்ணாடிக் கல் அங்கே கிடைத்திருக்கிறது, இரும்பு இல்லாத நாட்டில் கத்தி செய்ய அதுதான். புனிதக் கிணற்றுக்குள் கிடைத்த தங்கத்தில் ஒரு பகுதி பனாமா, கோஸ்டாரிகா பக்கத்திலிருந்து வந்தது. படகும் மனிதத் தலைச்சுமையும்தான் போக்குவரத்து. பாரம் சுமக்கிற விலங்கு கிடையாது, வண்டிச் சக்கரமும் உபயோகத்தில் இல்லை.

சில்லறைக் காசு? கொக்கோ விதை! 1502-ல் கொலம்பஸ் தன் நாலாவது பயணத்தில், ஹோண்டுராஸ் தீவுகளுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய வியாபாரப் படகை மறித்தார். அதிலிருந்து சில விதைகள் கீழே சிந்தியபோது, தங்கள் கண்ணே கீழே விழுந்த மாதிரி அவர்கள் குனிந்து பொறுக்கினார்களாம். எழுதி வைத்தவர் கொலம்பஸின் மகன். அது பணம் என்று அந்த ஸ்பானியர்களுக்குத் தெரியவில்லை.

ஆக, சிச்சென் இட்சா வெறும் சாமியார்களும் நட்சத்திரம் பார்ப்பவர்களும் வாழ்ந்த ஊர் அல்ல. கி.பி. 900 முதல் 1050 வாக்கில் உச்சத்தில் இருந்த ஒரு வியாபாரத் தலைநகரம்.

"மறைந்து போனார்கள்"

இப்போது கைடின் கடைசி வரிக்கு வருவோம்.

தெற்கே உள்ள காட்டுப் பகுதி நகரங்கள் 9-ஆம் நூற்றாண்டில் ஒவ்வொன்றாகக் காலியானது உண்மை. டிக்கால் நகரத்தில் கடைசியாகத் தேதி பொறித்த கல் 869-ஐச் சேர்ந்தது. காரணங்களில் முக்கியமானது வறட்சி. யுகட்டானின் ஒரு ஏரிப் படிவத்தை வைத்து 2018-ல் வெளிவந்த ஆய்வு, அந்தக் காலத்தில் வருஷ மழை பாதி வரைக்கும் குறைந்தது என்கிறது. கூடவே ஓயாத சண்டை, ராஜாக்கள் மேல் நம்பிக்கை போனது. ஆனால் நகரம் காலியானால் மக்கள் ஆவியாகிவிடுவார்களா? கிராமங்களுக்குப் போனார்கள், வடக்கே போனார்கள். தெற்கு சரிந்துகொண்டிருந்த அதே நேரத்தில்தான் சிச்சென் இட்சா எழுந்தது. அது தாழ்ந்த பிறகு மாயப்பான் எழுந்தது.

1530-களில் ஸ்பானியர்கள் சிச்சென் இட்சாவிலேயே தலைநகரம் அமைக்கப் பார்த்தார்கள். சுற்றுப்பக்க மாயன்கள் அடித்துத் துரத்தினார்கள். மறைந்து போனவர்கள் துரத்துவார்களா? 1542-ல்தான் மெரிடா நகரத்தை நிறுவ முடிந்தது, அதுவும் ஒரு மாயன் நகரத்தின் கற்களை எடுத்து. இட்சாக்களின் கடைசி சுதந்திர ராஜ்யம் குவாதமாலா காட்டுக்குள் ஒரு ஏரித் தீவில் இருந்தது. அது விழுந்தது 1697-ல். கொலம்பஸ் வந்து 200 வருஷம் கழித்து!

நடுவில் 1562. மானி என்ற ஊரில் டியேகோ டி லாண்டா என்ற பாதிரியார், பழைய தெய்வங்களை இன்னும் கும்பிடுகிறார்கள் என்று மாயன்களைப் பிடித்துச் சித்திரவதை செய்து, கிடைத்த ஏடுகளை எல்லாம் குவித்துக் கொளுத்தினார். இன்று உலகத்தில் மிஞ்சியிருக்கும் மாயன் ஏடுகள் மொத்தம் நாலு. அதில் மூன்று ஐரோப்பாவில். நாலாவது உண்மையானதுதான் என்று மெக்சிகோ 2018-ல் உறுதி செய்தது.

வேடிக்கை என்னவென்றால், எரித்த அதே லாண்டா மாயன் எழுத்துகளைப் பற்றி ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். அது மூன்று நூற்றாண்டு கழித்து ஒரு நூலகத்தில் கிடைத்தது. அதை வைத்து 1952-ல் யூரி கினோரோசாவ் என்ற ரஷ்யர், மாயன் நாட்டையே பார்க்காமல், அந்த எழுத்தைப் படிக்கும் வழியைக் கண்டுபிடித்தார். எரித்தவர் கையாலேயே சாவி.

இப்போது அந்த மரபணு ஆய்வின் இரண்டாவது பாதி. யுகட்டானில் டிஷ்ககல்டுயூப் என்று ஒரு மாயன் ஊர். அந்த ஊர்க்காரர்கள் சம்மதத்தோடு அவர்கள் மரபணுவையும் எடுத்து, ஆயிரம் வருஷத்துக்கு முந்தைய பையன்களோடு ஒப்பிட்டார்கள். தொடர்ச்சி தெளிவாகத் தெரிந்தது. ஒரே ஒரு இடத்தில் மாற்றம். நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட மரபணுக்களில் சில வகைகள் இப்போது அதிகமாகியிருக்கின்றன. ஸ்பானியர்கள் வந்த பிறகு 16-ஆம் நூற்றாண்டில் கூட்டம் கூட்டமாகக் கொன்ற கொள்ளைநோய்களில் பிழைத்தவர்களின் பிள்ளைகள் இவர்கள் என்பதற்கான தடயம் அது. ஏட்டை எரிக்கலாம், ரத்தத்தை எரிக்க முடியாது.

இன்று 60 லட்சத்துக்கும் மேற்பட்ட மாயன்கள் இருக்கிறார்கள். சுமார் 30 மாயன் மொழிகள் பேசுகிறார்கள். யுகட்டான் மாயன் மொழி பேசுபவர்கள் மட்டும் மெக்சிகோவின் 2020 கணக்கெடுப்பில் 7 லட்சத்துக்கும் மேல். உங்களுக்கு "மறைந்து போனார்கள்" என்று சொல்லும் கைடு வீட்டுக்குப் போனால் அம்மாவோடு மாயன் மொழியில் பேசுகிறவராகக் கூட இருக்கலாம்!

அரை மணி நேர ஊர்

திரும்பும் வழியில் பஸ் வல்லடோலிட் என்ற அழகான ஊரில் அரை மணி நேரம் நிற்கும். சர்ச் முன்னால் போட்டோ, ஐஸ்கிரீம், கிளம்பு.

இந்த ஊரில்தான் 1847 ஜூலையில் மனுவேல் அன்டோனியோ ஆய் என்ற மாயன் தலைவரைக் கொன்றார்கள். நிலம் பறிப்பு, வரி, கடன் அடிமைத்தனம் எல்லாம் சேர்ந்து கொதித்துக்கொண்டிருந்த நேரம். சில நாட்களில் கிழக்குப் பகுதியே கிளம்பியது. 1848-ல் வல்லடோலிட் மாயன்கள் கையில் விழுந்தது. தீபகற்பத்தின் பெரும்பகுதியும் அவர்களிடம், மிஞ்சியது மெரிடாவும் காம்பெச்சேயும் அவற்றின் சுற்றுப்புறமும்தான். கிழக்குக் காட்டுக்குள் சான் சாண்டா குருஸ் என்று தனித் தலைநகரம் வைத்து அரை நூற்றாண்டு ஆண்டார்கள். மெக்சிகோ ராணுவம் அதைப் பிடித்தது 1901-ல். அடுத்த வருஷமே அந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்து கின்டானா ரோ என்று பெயர் வைத்தார்கள். இன்று கான்கூன் இருக்கும் மாநிலம் அதுதான்.

கான்கூன் பழைய ஊர் அல்ல. 1970 வாக்கில் மெக்சிகோவின் மத்திய வங்கியும் அரசாங்கமும் கணக்குப் போட்டு, அன்னியச் செலாவணிக்காகவே, சர்வதேசக் கடன் வாங்கி உருவாக்கியது. முதல் ஹோட்டல்கள் திறந்தது 1974-ல். இட்சாக்கள் உப்பு விற்றார்கள், இவர்கள் வெயில் விற்கிறார்கள்.

இந்த இடம் யாருடையது?

1894-ல் எட்வர்ட் தாம்சன் என்ற அமெரிக்கத் துணைத் தூதர் சிச்சென் இட்சா இருந்த பண்ணையையே விலைக்கு வாங்கினார். ஆமாம், பிரமிடோடு சேர்த்து! 1904-லிருந்து புனிதக் கிணற்றைத் தூர்வாரி, கிடைத்த தங்கம், பச்சைக் கல் எல்லாவற்றையும் ஹார்வர்டின் பீபாடி மியூசியத்துக்கு அனுப்பினார். மெக்சிகோ 1926-ல் வழக்குப் போட்டது. 1944-ல் உச்ச நீதிமன்றம் தாம்சன் குடும்பத்துக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னது. மியூசியம் பின்னாளில் ஒரு பகுதியைத் திருப்பிக் கொடுத்தது, பெரும்பகுதி இன்னும் அங்கேதான்.

நிலம் பிறகு பார்பச்சானோ என்ற ஹோட்டல் முதலாளிக் குடும்பத்துக்கு வந்தது. கட்டடங்கள் அரசாங்கச் சொத்து, அவை நிற்கும் தரை தனியார் சொத்து. 1988-ல் யுனெஸ்கோ பாரம்பரியச் சின்னம் ஆனபோதும், 2007-ல் புதிய ஏழு அதிசயங்களில் ஒன்றானபோதும் இதே நிலைதான். 2010-ல்தான் யுகட்டான் மாநில அரசு 22 கோடி பெசோ கொடுத்துத் தரையை வாங்கியது.

இப்போது டிக்கெட் காசு இரண்டாகப் பிரிகிறது. ஒரு பங்கு மத்திய அரசின் தொல்லியல் நிறுவனத்துக்கு, வெளிநாட்டவரிடம் வாங்குவதில் பெரிய பங்கு மாநில அரசுக்கு. பஸ் காசு டூர் கம்பெனிக்கு, தங்கும் காசு ஹோட்டலுக்கு. சுற்றுப்பக்க மாயன்களுக்கு? பாதையின் இருபக்கமும் மரத்தடியில் மேஜை போட்டு முகமூடியும், ஜாகுவார் மாதிரி உறுமுகிற ஊதலும், துணியும் விற்கிறார்களே, அவர்கள்தான். "ஒரு டாலர், ஒரு டாலர்" என்று கூப்பிடுவார்கள். சுற்றுலாப் பயணிகள் "இடத்தின் புனிதமே கெட்டுப்போச்சு" என்று எரிச்சலோடு எழுதுகிறார்கள். அவர்களை வெளியே அனுப்பும் முயற்சியும், அதற்கு எதிரான போராட்டமும் பல வருஷங்களாக நடக்கின்றன.

இங்கேதான் அந்த ஒரு வரியின் விலை தெரிகிறது. கட்டியவர்கள் மறைந்து போனார்கள் என்றால் இந்த இடத்துக்கு வாரிசு கிடையாது. வாரிசு இல்லாத சொத்தை யாரும் வாங்கலாம், தோண்டலாம், கட்டணம் வைக்கலாம். மறையவில்லை என்றால், மரத்தடியில் ஊதல் விற்கிறவர் ஆக்கிரமிப்பாளர் அல்ல, பங்குதாரர். ஒரே ஒரு வாக்கியம், கணக்குப் புத்தகத்தில் ஒருத்தர் பெயரையே இல்லாமல் ஆக்கிவிடுகிறது.

இது வெறும் பெயர்ப் பிரச்சினையும் அல்ல. பக்கத்து நாடான குவாதமாலாவில் 1960 முதல் 1996 வரை நடந்த உள்நாட்டுப் போரில் 2 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொல்லப்பட்டார்கள் அல்லது காணாமல் போனார்கள். அடையாளம் தெரிந்த பலிகளில் 83 சதவீதம் மாயன்கள் என்றது 1999-ல் வந்த விசாரணைக் குழு அறிக்கை. பிரமிடைக் கட்டிய மாயன்களைக் கொண்டாடிய அதே நூற்றாண்டில், அவர்களின் பேரப்பிள்ளைகளைக் கொன்றார்கள்.

அதற்காக டூர் போகாதீர்கள் என்று சொல்ல வரவில்லை. வாய்ப்புக் கிடைத்தால் கட்டாயம் போங்கள் (என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்!). பிரமிடைப் பாருங்கள், கை தட்டிப் பாருங்கள். வல்லடோலிட்டில் இறங்கும்போது 1847-ஐ நினைத்துக்கொள்ளுங்கள். முடிந்தால் அங்கேயே ஒரு ராத்திரி தங்குங்கள், காசு கொஞ்சமாவது அந்த ஊரில் நிற்கும். கைடிடம் "மாயன்கள் ஏன் மறைந்தார்கள்?" என்பதற்குப் பதிலாக "நீங்கள் மாயனா? உங்கள் மொழியில் இந்தக் கிணற்றுக்கு என்ன பெயர்?" என்று கேட்டுப் பாருங்கள். அந்தப் பதில் நோட்டீஸில் இருக்காது.

கொசுறு 1: 2012 டிசம்பர் 21-ல் உலகம் அழியும் என்று மாயன்கள் சொன்னதாக ஒரு பீதி கிளம்பியது அல்லவா? அது அவர்கள் நாட்காட்டியில் ஒரு பெரிய சுற்று முடிகிற நாள், அவ்வளவுதான். பாலெங்கே நகரத்துக் கல்வெட்டு ஒன்றில் கி.பி. 4772-ஆம் ஆண்டுக்கு உரிய தேதியே இருக்கிறது. அழியப் போகிற உலகத்துக்கு யாராவது அவ்வளவு தூரம் தேதி போடுவார்களா?

கொசுறு 2: நம்ம மயனும் இந்த மாயன்களும் ஒன்றுதான் என்று அடிக்கடி மெயிலில் சுற்றி வரும். பெயர் ஒலி ஒன்றாக இருப்பதைத் தவிர ஆதாரம் இல்லை. மாயா என்பது யுகட்டான் பக்கத்துப் பெயர், பின்னாளில்தான் எல்லோருக்கும் பொதுப் பெயரானது. சிச்சென் இட்சாக்காரர்களுக்குத் தங்கள் பெயர் இட்சா. அவர்கள் பிரமிடைக் கட்டியது அவர்களேதான். ஏற்கெனவே அவர்களிடமிருந்து நிறையப் பேர் நிறைய எடுத்துக்கொண்டாயிற்று, நாமும் போய் வரிசையில் நிற்க வேண்டாம்.